ஆயிரத்து இருநூறு கிலோ வீடு

என் அக்காவின் வீட்டை நாங்கள் நிறுத்துப் பார்த்திருக்கிறோம். கச்சிராயபாளையம் சாலையில், கரும்பு லாரிகளும் கிழங்கு லாரிகளும் எடை போடுகிற மேடையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு அது ஆயிரத்து அறுநூற்று இருபது கிலோ இருந்தது. மலை ஏற்ற வேண்டுமானால் ஆயிரத்து இருநூறைத் தாண்டக்கூடாது என்று அதைச் செய்து கொடுத்தவர் சொல்லியிருந்தார். மறுநாள் பள்ளிக்கூடம் திறப்பு.

அக்கா கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சிற்றூரில் ஆசிரியை. குடியிருப்பு கள்ளக்குறிச்சியில். பதினோரு வருடமாக இரண்டு பேருந்து மாறி மேலே போய், இரண்டு பேருந்து மாறிக் கீழே வந்துகொண்டிருந்தாள். காலை ஐந்தே முக்காலுக்கு வாசற்கதவைச் சாத்தினால்தான் முதல் மணிக்குப் போய்ச்சேர முடியும். மலைப்பாதையில் அவசரத்துக்கு இறங்க முடியாது என்பதால் எழுந்ததிலிருந்து பள்ளி போய்ச்சேரும்வரை ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கமாட்டாள். மாலையிலும் அப்படித்தான். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. போன வருடம் காய்ச்சலும் சிறுநீரகக் கல்லுமாகப் பன்னிரண்டு நாள் படுத்தபோது டாக்டர் துருவிக் கேட்டுத்தான் வெளியே வந்தது. பேருந்தை விடுங்கள், இல்லையென்றால் வேலையை விடுங்கள் என்றார் அவர்.

மேலே வாடகைக்கு வீடு பார்த்தோம். முழங்கால் மடங்காத அக்காவுக்குத் தோதான கழிப்பறையோடு எதுவும் அமையவில்லை. அக்கா விருப்ப ஓய்வுக் கடிதத்தைத் தட்டச்சு செய்து, கையெழுத்துப் போடாமல் பீரோவில் வைத்தாள். ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் மேலே தங்க இடம் கிடைக்காவிட்டால் கையெழுத்து. முறையான ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது. ஒன்றாம் வகுப்பில் அவளிடம் அகரம் எழுதிய பிள்ளைகள் அப்போது ஆறாம் வகுப்பு முடித்திருந்தார்கள். அவர்களை எட்டாம் வகுப்பு முடித்து அனுப்பிவிட்டு இறங்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு திட்டம் இருந்ததாகத் தெரியவில்லை.

அக்காவின் கணவர், அதாவது என் மாமா, சொந்தமாக ஒரு பிக்கப் ஓட்டுகிறார். மக்காச்சோளம், உர மூட்டை, கல்யாணப் பாத்திரம், எது வந்தாலும் ஏற்றுவார். பேச்சு குறைவு. அந்தக் கடிதத்தை ஒருமுறை எடுத்துப் படித்தார், மடித்த மடிப்பிலேயே திரும்ப வைத்தார். அடுத்த வாரம் பைபாஸ் ஓரம் இருக்கிற ஒரு வெல்டிங் பட்டறையில் இரும்புக் குழாய்கள் வந்து இறங்கின.

பட்டறைக்காரர் அதற்குமுன் டிராக்டர் டிரெய்லர்களும், ஊர் ஊராகப் போகிற டிபன் வண்டிகளும் செய்திருந்தார். சக்கரம் வைத்து, பிக்கப்பின் பின்னால் மாட்டி இழுக்கிற வீடு செய்வது அவருக்கும் முதல் தடவை. பன்னிரண்டடி நீளம், ஆறரை அடி அகலம். தகரச் சுவர், உள்ளே மரப்பலகை. முன்பக்கம் கட்டில், நடுவில் அடுப்பு மேடை, பின்பக்கம் நாற்காலிபோல் உட்காருகிற கழிப்பறை, அதற்கு மேல் ஐந்நூறு லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி. கதவும் பின்பக்கம்தான். பள்ளிக்கூடத்துக்கு அடுத்த சாமைக் கொல்லையின் ஓரத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள், கரண்டும் எங்கள் வீட்டிலிருந்து இழுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு பெற்றோர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். பதிவும் காப்பீடும் முடிவதற்குள் சித்திரை போய்விட்டது.

வண்டியை ஒப்படைத்த அன்று பட்டறைக்காரர் எங்கள் இருவரையும் நிற்கவைத்து, பிக்கப்பின் கொக்கிக்கும் டிரெய்லருக்கும் இடையில் நீண்டிருந்த இரும்பு ஏர்க்காலைத் தட்டிக் காட்டிச் சொன்னார்.

"வெறும் வண்டி எழுநூத்தி எம்பது கிலோ. மலைன்னா மொத்தமா ஆயிரத்தி இருநூறு. ஒரு கிலோ ஜாஸ்தி வேணாம். அதுலயும் நூறு கிலோ வந்து இந்தக் கொக்கி மேல உக்காரணும். கம்மியாச்சுன்னா பின்னாடி வாலாட்டும். ரொம்ப ஜாஸ்தியாச்சுன்னா உங்க பிக்கப்பு மூஞ்சியத் தூக்கும். மாட்டு வண்டி கணக்குதாங்க. முன்பாரம், பின்பாரம்."

சொன்னதோடு நிற்காமல் ஏர்க்காலின் மேல் வெள்ளை பெயிண்டில் '1200' என்று எழுதியும் கொடுத்தார்.

நான் செய்தித்தாளில் இருப்பவன். எண் என்றால் இரண்டு தடவை பார்க்காமல் எழுதாதே என்று பழக்கியிருக்கிறார்கள். அக்கா எடுத்துப்போக இருந்த ஒவ்வொன்றையும் மளிகைக்கடைத் தராசில் வைத்து நோட்டில் குறித்தேன். மெத்தை, அடுப்பு, சிலிண்டர், மின்விசிறி, துணிமணி, பாத்திரம், இரண்டு பெட்டிப் புத்தகம். மொத்தம் நூற்றுத் தொண்ணூறு. வண்டியோடு சேர்த்துத் தொள்ளாயிரத்து எழுபது. இருநூற்று முப்பது கிலோ மிச்சம். மாமாவிடம் நோட்டைக் காட்டினேன். அவர் விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிப் பார்த்துவிட்டு, "செரியா இருக்குது மச்சான்" என்றார்.

புது வீடு என்றால் பால் காய்ச்ச வேண்டும். மேலே போய்க் காய்ச்சிக்கொள்ளலாம் என்பது என் கருத்து. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல நேரம் ஏழரையிலிருந்து ஒன்பது. அந்த நேரத்தில் வண்டி மலைப்பாதையில் இருக்கும். மாமாவின் தங்கை, அக்காவுக்கு நாத்தனார், களமருதூரில் விவசாயம் பார்ப்பவர். இந்த விஷயங்களில் அவர் சொல்வதுதான் முடிவு. அவர் இங்கேயே காய்ச்சிவிடலாம் என்றார். மாமாவும் ஒத்துக்கொண்டார்.

"வூடு சக்கரத்து மேல கீது. எங்க காய்ச்சினா இன்னா?"

அப்படியாக, கள்ளக்குறிச்சியில் எங்கள் தெருவில், பிக்கப்பில் மாட்டிய நிலையில், வீட்டுக்குப் பால் பொங்கியது. ஏர்க்காலில் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார்கள். வெள்ளை பெயிண்டில் எழுதிய எண் சந்தனத்துக்கு அடியில் போயிற்று. பால் காய்ச்சும் வீட்டுக்கு யாரும் வெறுங்கையோடு வரமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. அது வழியில் போகிற வீடு என்பதால் எதையும் கொண்டுவரமாட்டார்கள் என்று நினைத்துவிட்டேன். நாத்தனார் தன் வயலில் விளைந்த நெல்லை அரைத்து ஒரு மூட்டை அரிசி கொண்டுவந்தார். கூடவே ஒரு ஆட்டுக்கல், ஒரு பித்தளை அண்டா. ஒன்றுவிட்ட சித்தப்பா வீட்டிலிருந்து சின்னதாக ஒரு இரும்பு பீரோ. பக்கத்து வீடுகளிலிருந்து குடம், குத்துவிளக்கு.

"ஆட்டுக்கல்லு எதுக்கும்மா? ஒருத்திக்கு நான் மாவா ஆட்டப்போறேன்?" என்றாள் அக்கா.

"கரண்டு போனா இன்னா பண்ணுவ அண்ணி? மலைல கரண்டு நின்னு பேசினு இருக்குமா உங்கிட்ட?"

எல்லாம் பின்கதவு வழியாக ஏறின. ஏறிய இடத்திலேயே உட்கார்ந்தன. என் மதிப்பில் நூற்றைம்பது கிலோ. அப்படியும் ஆயிரத்து நூற்றிருபதுதான் ஆகிறது என்று மனக்கணக்குப் போட்டுச் சமாதானமாகிவிட்டேன்.

ஒன்பதரைக்குக் கிளம்பினோம். பிக்கப்பில் மாமா, அக்கா, நாத்தனார். நான் பின்னால் ஸ்கூட்டரில். ஊர் எல்லை தாண்டி வண்டி நாற்பதைத் தொட்டதும், டிரெய்லரின் பின்பக்கம் இடமும் வலமுமாக அசைவது தெரிந்தது. முதலில் காற்று என்று நினைத்தேன். மரத்தில் ஓர் இலை ஆடவில்லை. அசைவு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் அகலமாயிற்று. எதிரே வந்த டிராக்டர்காரர் சாலையை விட்டே இறங்கிவிட்டார். ஹாரனை அழுத்திக்கொண்டே முன்னால் போய்க் கையைக் காட்டினேன். மாமா அதற்குள் வேகத்தைக் குறைத்திருந்தார். அவர் முகத்தில் வேர்வை.

"ஸ்டேரிங்கு எங்கிட்ட இல்ல மச்சான். பின்னாலேர்ந்து யாரோ புடிச்சி ஆட்டற மாதிரி கீது."

பத்துக் கிலோமீட்டர் வேகத்தில் உருட்டிக்கொண்டே வந்ததில் எடை மேடை கண்ணில் பட்டது. ஜல்லி ஏற்றிய ஒரு லாரி மேடையில் நின்றது. அது இறங்கியதும் நாங்கள் ஏறினோம். டிரெய்லரை மட்டும் மேடையில் விடுவதற்காகக் கொக்கியைக் கழற்றியபோது, நாங்கள் தூக்காமலேயே ஏர்க்கால் மேலே எழும்பியது. மாமா பாய்ந்து அதன்மேல் படுத்து அழுத்தினார். நாத்தனார் இறங்கி வந்து பார்த்தார்.

"பின்பாரம்ணா. அதான் தூக்குது. மாட்ட கட்டியிருந்தா இந்நேரம் கழுத்து இறுகியிருக்கும்."

பின்பக்கம் கட்டை முட்டுக் கொடுத்துவிட்டு ஒதுங்கினோம். கண்ணாடி அறைக்குள் இருந்த எடைக்காரர் ஆயிரத்து அறுநூற்று எண்பது என்றார். உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். அண்டா உருண்டுவிட்டதா என்று பார்க்கப் போயிருந்த அக்கா, கதவைத் திறந்து மெல்லப் படியிறங்கினாள்.

"இப்ப ஆயிரத்தி அறுநூத்தி இருவது" என்றார் எடைக்காரர்.

"அறுவது" என்றார் மாமா, எங்களுக்குக் கேட்கும்படி.

"அத சத்தமா சொல்லணுமா?" என்றாள் அக்கா.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கணக்குக்கும் மேடையின் கணக்குக்கும் ஐந்நூறு கிலோ வித்தியாசம். உங்கள் இயந்திரத்தில் கோளாறு இருக்கலாம் என்று எடைக்காரரிடம் சொன்னேன். அவர் வெளியே வந்து நோட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"சார், ஊர் உலகத்து லோடெல்லாம் இதுலதான் போவுது. உங்க வூட்டுக்கு மட்டும் பொய் சொல்லுமா?"

எப்படியிருந்தாலும் நானூற்று இருபது கிலோவைக் கழிக்க வேண்டும். ஆட்டுக்கல், பீரோ, அரிசி என்று நான் ஆரம்பித்தேன். நாத்தனார் பின்கதவின் முன்னால் போய் நின்றுகொண்டார்.

"பால் பொங்குன வூட்லேர்ந்து அன்னிக்கே பொருள வெளிய எடுப்பாங்களா? இன்னா பேப்பர்காரரே, படிச்சவங்க இப்டியா பேசுவீங்க? எங்கண்ணி தனியா இருக்கப்போற வூடு இது. காலியாவறதோட தொடங்கக் கூடாது."

அவர் குரல் கடைசி வார்த்தைகளில் கொஞ்சம் இறங்கியது. கல்லையும் அரிசியையும்விட அதுதான் அவருக்குப் பயம் என்று அப்போது புரிந்தது. மேலே முதல் நாள் வெறும் வீட்டில் அக்கா உட்கார்ந்திருப்பதை அவர் மனதில் பார்த்துவிட்டிருந்தார்.

மேலும், அத்தனையையும் இறக்கினாலும் நூற்றைம்பதுதான். நான் நோட்டை முதல் வரியிலிருந்து சத்தமாகப் படித்தேன். மெத்தை. அடுப்பு. சிலிண்டர். படித்து முடித்தபோது அக்கா மாமாவைப் பார்த்தாள்.

"ஏங்க, தொட்டில தண்ணி கீதா?"

மாமா துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

"எவ்ளோ?"

"ரொப்பிட்டேன்."

விடியற்காலையில் எழுந்து, வீட்டு போர்வெல்லில் குழாய் போட்டு, ஐந்நூறு லிட்டரையும் நிரப்பியிருக்கிறார். மேலே போனதும் குழாயில் வருகிறதோ இல்லையோ, முதல் வாரம் அவள் தண்ணீருக்கு யோசிக்கக் கூடாது என்று. ஐந்நூறு லிட்டர் என்றால் ஐந்நூறு கிலோ. அதுவும் அச்சுக்குப் பின்னால், கூரையோரத்தில். மூட்டையைப் பார்த்தே எடை சொல்லக்கூடிய மனிதர் மாமா. தண்ணீரை அவர் சுமையாக நினைக்கவில்லை. எடுத்துப்போகும் பொருள் என்னென்ன என்று கேட்டு எழுதிய எனக்கும் அது தோன்றவில்லை. என் நோட்டில் தண்ணீர் என்ற வார்த்தையே இல்லை.

அக்கா அவர் பக்கம் திரும்பினாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

"பரவால்ல. தொறந்து வுடுங்க."

"தண்ணியும் வூட்டுப் பொருள்தான் அண்ணி," என்றார் நாத்தனார். "ரொம்பியிருந்தத கீழ ஊத்தினு போவக் கூடாது."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பின்னால் மக்காச்சோள லாரி ஒன்று ஹாரன் அடித்தது. மாமா ஏர்க்காலைப் பார்த்தபடி, "ரெண்டு நடயா ஏத்தினு போலாம். இல்லன்னா வேணாம். இன்னொரு நாள்..." என்று இழுத்தார். இன்னொரு நாள் இல்லை என்பது எல்லோரையும்விட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

நாத்தனார் கதவை விட்டு நகர்ந்தார். லாரி டிரைவரிடம் போய், கேன் இருக்கிறதா என்று கேட்டார். அவர் விழித்தார்.

"புது வூட்டுத் தண்ணிப்பா. வெயில்ல வந்திருக்கிற, புடிச்சிக்கினு போ." பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "ஊத்தத்தான் கூடாது. தாகத்துக்குக் குடுக்கலாம். அது இன்னும் நல்லது" என்றார்.

அக்காவே உள்ளே போய்க் குழாயைத் திறந்தாள். தொட்டியின் அடியில் இருந்த வால்விலிருந்து ரப்பர் குழாய் ஒன்று வெளியே வந்தது. முதல் கேன் மக்காச்சோள டிரைவருக்கு. அடுத்து, ஓரம்கட்டியிருந்த ஜல்லி லாரியின் கிளீனர் இரண்டு கேன். எடைக்காரர் அறையிலிருந்து நான்கு குடங்களை எடுத்துவந்தார். சாலையில் போன ஒரு செங்கல் லாரி, கூட்டத்தைப் பார்த்து விபத்து என்று நினைத்து நின்று, ரேடியேட்டருக்குப் பிடித்துக்கொண்டு போனது. எதிர்க் கொல்லையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் சிமெண்ட் தொட்டியைக் காட்டினார். குழாய் அதுவரை எட்டாததால் நானும் மாமாவும் அண்டாவில் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனோம். அண்டா வெளியே வந்ததை நாத்தனார் பார்த்தார். திரும்பி உள்ளே போகிறதல்லவா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஐம்பது நிமிடம் ஆயிற்று. அடியில் நாற்பது லிட்டர் அளவுக்கு விட்டுவைத்து அக்கா வால்வை மூடினாள்.

"இது போதும். ரெண்டு நாளைக்கு வரும்."

மாமா உள்ளே ஏறி ஆட்டுக்கல்லை உருட்டி முன்னால் தள்ளினார். வீட்டுக்குள்ளேயே இடம் மாற்றுவதில் நாத்தனாருக்கு ஆட்சேபம் இல்லை. அரிசி மூட்டை கட்டிலின் தலைமாட்டுக்குப் போனது, பீரோ அதன் பக்கத்தில். மறுபடி எடை போட்டோம். ஆயிரத்து நூற்று அறுபது. இந்தத் தடவை ஏர்க்காலை நானும் மாமாவும் சேர்ந்து மூச்சுப்பிடித்துத் தூக்கித்தான் கொக்கியில் மாட்ட முடிந்தது. மாட்டியதும் பிக்கப்பின் பின்பக்கம் இரண்டு விரற்கடை அமுங்கியது. பட்டறைக்காரர் சொன்ன நூறு கிலோவுக்குப் பக்கத்தில் இருக்கும்.

கோமுகி அணையைத் தாண்டி மலைப்பாதை தொடங்கியது. முதல் கியரும் இரண்டாவது கியரும்தான். நான் இருபதடி பின்னால் ஸ்கூட்டரில், டிரெய்லரின் பின்கதவிலேயே கண் வைத்துப் போனேன். அது நேராக நின்றது. ஒரு கொண்டை ஊசி வளைவில் மேலிருந்து பேருந்து வந்தது. இரண்டும் ஒன்றாகத் திரும்ப இடமில்லை. பேருந்து பின்வாங்கி ஒதுங்கியது. நடத்துநர் படியில் தொங்கியபடி பிக்கப்புக்குள் குனிந்து பார்த்தார். பதினோரு வருடமாக அக்காவுக்கு டிக்கெட் கொடுத்தவர்.

"இன்னா டீச்சர், எங்க பஸ்ஸு புடிக்கலன்னு வூட்டையே எடுத்துக்கினு போறீங்களா?"

"ஆமா. சீட்ட வேற யாருக்கனா குடுங்க."

"யாரு வந்தாலும் நீங்க பண்ற மாதிரி சில்ற சரியா குடுக்கமாட்டாங்களே."

பேருந்து முழுவதும் சிரித்தது. மாமா மட்டும் சிரிக்கவில்லை. கைப்பிரேக்கை விட்டு, கிளட்சைக் கடுகளவு கடுகளவாக எடுத்துக்கொண்டிருந்தார். டிரெய்லர் ஒரு சாண் பின்னால் நகர்ந்து, பிறகு பிடித்துக்கொண்டு ஏறியது. இடையில் ஒரு தடவை இஞ்சின் சூடு ஆறுவதற்காக நிறுத்தினோம். சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு மாமா கொக்கியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

சாமைக் கொல்லைக்குப் போய்ச்சேர மணி ஒன்றரை. சக்கரங்களுக்குக் கீழே பலகைக் கல் வைத்து, ரசமட்டம் பார்த்து, நான்கு மூலையிலும் முட்டுக் கொடுத்தார் மாமா. ஒரு மூலையை மூன்று தடவை சரிசெய்தார். அக்கா கட்டிலில் உட்கார்ந்து ஜன்னலைத் திறந்தாள். பள்ளிக்கூடத்து வாசல் எண்பதடி தூரத்தில் தெரிந்தது; எண்பது என்பது நான் நடந்து அளந்தது. நாத்தனார் இரண்டு நாள் கூடத் தங்குவதாக ஏற்பாடு. அவர் வந்ததும் வராததுமாக ஆட்டுக்கல்லை இறக்கிக் கழுவ ஆரம்பித்துவிட்டார்.

நாலு மணிக்கு மேகம் இறங்கத் தொடங்கியது. இனி நின்றால் பாதை தெரியாது.

"கெளம்புங்க," என்றாள் அக்கா. "கொழம்பு ஃப்ரிஜ்ஜில கீது. நாளைக்கும் வரும்."

மாமா தலையாட்டினார். சிலிண்டரை மறுபடி ஒருமுறை மூடித் திறந்து பார்த்தார். கதவின் தாழ்ப்பாளை உள்ளிருந்து போட்டுக் காட்டச் சொன்னார். அக்கா போட்டுக் காட்டினாள். உள்ளே இருந்தபடியே, "போதுமா?" என்றாள். வெளியே நின்ற மாமா, "ம்" என்றார். இரண்டு வருடத்துக்கு வாரத்தில் ஐந்து நாள் இப்படித்தான் இருக்கும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். இத்தனை மாதம் தகரத்தையும் பலகையையும் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்தோம்.

இறங்கும்போது பிக்கப் குதித்துக் குதித்துப் போனது. கச்சிராயபாளையத்தில் டீக்கடை ஓரம் நிறுத்தினார். நானும் நிறுத்தினேன். இரண்டு டீ சொன்னோம். அவர் பாதி குடித்துவிட்டு, கண்ணாடித் தம்ளரைத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"புதன்கிழம மலைக்கு ஒரு லோடு கீது மச்சான்."

"இன்னா லோடு மாமா?"

மாமா மிச்சத்தைக் குடித்தார்.

"பாக்கணும்" என்றார்.